வெளிநாடுகளில் பணியாற்றும் படைவீரர்கள்: அன்பளிப்புப் பார்சல்கள் மனவுறுதியைக் கூட்டுகின்றனவா?

தெற்கு லெபனானில் 1978 முதல் நிலைகொண்டுள்ள ஐநா இடைக்காலப் படையின் பணிக்காலம் 2026 டிசம்பர் 31-ஆம் தேதி வரை மட்டுமே. ஐநா பாதுகாப்பு அவை 2025 ஆகஸ்ட் 28 அன்று ஒருமனதாக நிறைவேற்றிய 2790-ஆம் எண் தீர்மானம் இதுவே இறுதி நீட்டிப்பு என்று அறிவித்தது. அதன்பின் ஓராண்டுக்குள் படைகள் முழுமையாக விலக்கிக்கொள்ளப்பட வேண்டும். 1998 முதல் இந்தியத் தரைப்படையின் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கு பணியாற்றி வருகின்றன. 2024 அக்டோபரில் அப்படையின் தலைமையகமும் கண்காணிப்பு நிலைகளும் தாக்குதலுக்கு உள்ளானபோது ஏறத்தாழ 900 இந்திய வீரர்கள் அங்கிருந்தனர். லெபனானுக்கு அப்பால் தெற்கு சூடான், காங்கோ, கோலான் குன்றுகள் உள்ளிட்ட இடங்களிலும் இந்தியர்கள் ஐநா கொடியின்கீழ் நிற்கின்றனர்.

தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வீரருக்குப் பொதுமக்கள் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி ஒவ்வொரு பண்டிகையின்போதும் எழுகிறது. ரக்ஷா பந்தனுக்குப் பள்ளி மாணவிகள் கட்டுக்கட்டாக ராக்கிகளை ராணுவ முகாம்களுக்கு அனுப்புகின்றனர். 2016 தீபாவளியின்போது வீரர்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புமாறு பிரதமர் நரேந்திர மோடி நாட்டு மக்களுக்கு அழைப்பு விடுத்தார். அமெரிக்காவில் இதே உணர்வு ‘கேர் பேக்கேஜ்’ எனப்படும் அன்பளிப்புப் பார்சலாக உருவெடுத்து, தன்னார்வ அமைப்புகள், நிறுவனங்கள், தேவாலயங்கள், பள்ளிகள் அனைத்தும் பங்கேற்கும் பெரும் இயக்கமாகவே வளர்ந்துள்ளது.

பொருள் அனுப்பினால் வீரரின் மனவுறுதி உயரும் என்பதே இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதியளவே உண்மை. வீரர் பெயரைச் சொல்லி, அவரை அறிந்தவர் அனுப்பும் சிறு பொருளுக்கு இருக்கும் ஆற்றல், யாருக்கென்று தெரியாமல் அனுப்பப்படும் பெரிய பெட்டிக்கு இருப்பதில்லை. சில வேளைகளில் இரண்டாவது வகை முதல் வகையின் வழியையே அடைத்துவிடுகிறது. போர்க்காலத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் பெற்ற அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2001-ல் மூடப்பட்ட வழி

1990-91 வளைகுடாப் போரின்போது, பெயர் குறிப்பிடாமல் ‘எந்தப் படைவீரருக்கும்’ என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதமும் பார்சலும் அனுப்ப அமெரிக்க மக்களுக்கு வாய்ப்பிருந்தது. ‘எனி சர்வீஸ் மெம்பர்’ என்ற அந்த ஏற்பாடு பின்னர் பால்கன் நாடுகளில் பணியாற்றிய வீரர்களுக்கும் தொடர்ந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய கடிதங்கள் அனுப்பப்பட்டு ஐவர் உயிரிழந்தனர். 17 பேர் நோயுற்றனர். அடுத்த சில வாரங்களில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. குடும்பத்தினர், நெருங்கிய நண்பர்கள் தவிர மற்றவர்கள் களத்தில் உள்ள வீரர்களுக்குத் தாமாகப் பார்சல் அனுப்ப வேண்டாம் என்று பாதுகாப்புத் துறை வேண்டுகோள் விடுத்தது.

பாதுகாப்பு அச்சமே முதன்மைக் காரணம். ஆனால் அச்சம் தணிந்த பின்னரும் கதவு திறக்கப்படவில்லை. ஏன் என்பதை ஈராக் போர் விளக்கியது.

2003-ஆம் ஆண்டில் மட்டும் ஈராக் போர்க்களப் பகுதிக்கு ஏறத்தாழ 6.5 கோடி பவுண்டு எடையுள்ள கடிதங்களும் பார்சல்களும் அனுப்பப்பட்டன. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 3 கோடி. இந்த அஞ்சல் ஏற்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2004 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. சராசரியாக இரண்டு வாரத்துக்குள் அஞ்சல் சேர்ந்துவிடுவதாக ராணுவத்தின் கணக்கு காட்டியது. அந்தச் சராசரியைக் கணக்கிட்ட முறையே பிழையானது என்று தணிக்கையாளர்கள் கண்டனர். களத்திலிருந்து திரும்பிய 127 வீரர்களிடம் பேசியபோது, பாதிக்கும் மேற்பட்டோர் அஞ்சல் சேவையில் நிறைவில்லை என்றனர். வீட்டிலிருந்து அனுப்பிய பொருள் தங்களுக்கு வந்து சேரவே இல்லை என்று கூறியவர்களும் பலர். 127 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒட்டுமொத்தப் படைக்கும் அதைப் பொருத்திப் பார்க்க இயலாது. எனினும் அவர்கள் சுட்டிய கோளாறுகள் புதியவை அல்ல. பயிற்சி பெற்ற அஞ்சல் பணியாளர் பற்றாக்குறை, போதிய கிடங்கு இல்லாமை, வாகனத் தட்டுப்பாடு ஆகிய இதே குறைகள் 1991 போருக்குப் பின்னும் எழுதப்பட்டு, கோப்புகளில் உறங்கிக் கிடந்தன.

குழந்தையின் கையெழுத்து உள்ள கடிதமும், முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய பற்பசைப் பெட்டியும் ஒரே கன்டெய்னரில், ஒரே வரிசையில் காத்திருக்கின்றன. வரிசை நீளும்போது இரண்டும் ஒரே அளவு தாமதமாகின்றன. இந்த எளிய கணக்கு, நல்லெண்ணத்தோடு பெட்டி கட்டுபவரின் பார்வைக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

ஹெல்மண்டில் ஒரு மூட்டையின் விலை

பிரிட்டனில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய வீரர்களுக்கு 2 கிலோ வரையிலான பார்சல்களைக் குடும்பத்தினர் கட்டணமின்றி அனுப்ப அரசு வழிசெய்திருந்தது. போர்ச் செய்திகள் பெருகப் பெருக, பொதுமக்களும் அன்பளிப்புகளை அனுப்பத் தொடங்கினர். கிறிஸ்துமஸ் காலத்தில் இந்த வெள்ளம் உச்சத்தைத் தொட்டது.

ஹெல்மண்ட் மாகாணத்தின் கேம்ப் பாஸ்டியன் தளம் வரை பார்சல் விமானத்தில் வந்துவிடும். அங்கிருந்து முன்னணிக் காவல் நிலைகளுக்குச் செல்ல இரண்டே வழிகள்: ஹெலிகாப்டர் அல்லது வாகனத் தொடரணி. சாலைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கையோ பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே சூடான விவாதத்துக்கு உள்ளாகும் அளவுக்குக் குறைவு. கூடுதல் அஞ்சல் மூட்டை ஒவ்வொன்றும் குடிநீர், மருந்து, தோட்டாக்கள் செல்ல வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. அல்லது இன்னொரு வாகனத்தை அதே சாலைக்கு அனுப்ப வைத்தது. முன்பின் அறியாத வீரர்களுக்குப் பார்சல் அனுப்புவதைத் தவிர்த்து, படைவீரர் நல அமைப்புகளுக்கு நிதி வழங்குமாறு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அன்பைத் திருப்பி அனுப்புவது எந்த அரசுக்கும் எளிதான செயல் அன்று. அந்த வேண்டுகோளைப் பலர் நன்றியற்ற பேச்சாகவே எடுத்துக்கொண்டனர் என்பதில் வியப்பில்லை.

பெயரோடு தொடங்கிய ‘கேர்’

‘கேர் பேக்கேஜ்’ என்ற பெயருக்கே ஒரு முரண் உண்டு. அது படைவீரர்களுக்காகத் தோன்றியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பட்டினியில் வாடிய ஐரோப்பியப் பொதுமக்களுக்கு உதவ 1945 நவம்பரில் அமெரிக்காவில் ‘கேர்’ என்ற கூட்டமைப்பு உருவானது. ஜப்பான்மீது நடத்தத் திட்டமிட்டிருந்த படையெடுப்புக்காகக் கட்டிவைத்து, பயன்படாமல் போன ராணுவ உணவுப் பெட்டிகளையே அது வாங்கி அனுப்பியது. முதல் தொகுதி 1946 மே மாதம் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தை அடைந்தது. வீரருக்கென்று கட்டிய பெட்டி பொதுமக்களுக்குச் சென்றது. பின்னாளில் பொதுமக்கள் கட்டும் பெட்டி அதே பெயரில் வீரருக்குச் செல்கிறது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்தில் 10 டாலர் செலுத்திய அமெரிக்கர், பெட்டி யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறிப்பிட வேண்டியிருந்தது. போலந்தில் உள்ள அத்தை, இத்தாலியில் உள்ள தம்பி என்று உறவின் வழியாகவே அது பயணித்தது. பெயரற்ற பயனாளிகள் பின்னரே வந்தனர்.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதை அதே போரின் இன்னொரு நிகழ்வு காட்டுகிறது. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு வந்து சேர்ந்த அமெரிக்க ராணுவத்தின் 6888-ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனில் 855 பெண்கள் இருந்தனர். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமை வகித்தார். கிடங்குகளில் கடிதங்களும் பார்சல்களும் கூரை வரை குவிந்து கிடந்தன. முந்தைய கிறிஸ்துமஸுக்கு அனுப்பப்பட்ட கேக்குகளை எலிகள் தின்றிருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 வீரர்கள் இருந்தனர். ‘கடிதம் இல்லையேல் மனவுறுதி தாழும்’ என்பதே அப்பிரிவின் முழக்கம். சரியான ராபர்ட் ஸ்மித்தைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கான அட்டைகளில் வீரர்களின் பெயரும் படை எண்ணும் பதிந்து, ஒரு ஷிப்டுக்கு 65,000 அஞ்சல்களைக் கையாண்டனர். ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்ட வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது. 2022-ல் அவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது அவர்களுள் மிகச் சிலரே உயிரோடு இருந்தனர்.

மசாலா டப்பாவில் தெரிந்த அக்கறை

இந்தியப் படைவீரர்களுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியப் படை அந்த ஆண்டுக் குளிர்காலத்தைப் பதுங்குகுழிகளிலேயே கழித்தது. கிறிஸ்துமஸை ஒட்டி இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரருக்கு அதில் புகையிலையும் சிகரெட்டும். இந்தியர்களுக்குப் பிரித்துப் பார்த்தே கொடுத்தனர்: கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷ் வீரர்களுக்குரிய அதே பொருள்கள், சீக்கியருக்குப் புகையிலை தவிர்த்துக் கற்கண்டும் மசாலா டப்பாவும், ஏனைய இந்திய வீரர்களுக்கு சிகரெட், கற்கண்டு, மசாலா.

பேரரசின் பிரசாரம் என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். பிரசாரமும் அதில் இருந்தது. ஆனால் சீக்கியர் புகைபிடிப்பதில்லை என்பதை அறிந்து பெட்டியை மாற்றியவர், பெறுபவரைப் பற்றி ஒரு கணமேனும் சிந்தித்திருக்கிறார். இன்றைய பல அன்பளிப்புப் பார்சல்களில் அந்த ஒரு கணம்கூட இல்லை. கோடையில் பாலைவனத்துக்கு அனுப்பிய சாக்லேட் உருகிக் கூழாகிறது. இஸ்லாமிய நாடுகளில் உள்ள தளங்களுக்கு அனுப்பப்படும் பன்றி இறைச்சித் தின்பண்டங்கள் விதிகளின்படி தடுக்கப்படுகின்றன.

அந்த 1914-15 வீரர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன என்பதற்குச் சான்று அவர்களின் கடிதங்கள். 1915 மார்ச் மாத வாக்கில் பிரான்ஸில் இருந்த இந்திய வீரர்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினர். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோழர் ஒருவர் எழுத, இவர்கள் சொல்லச் சொல்ல உருவான கடிதங்கள் அவை. தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துப் பாதுகாத்ததால் அவற்றின் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. குளிரும் சாவும் அவற்றில் உண்டு. அவற்றுக்கு இணையாக நிலம், விளைச்சல், திருமணம், கடன், குடும்பப் பூசல் ஆகியவையும் நிறைந்துள்ளன. ஐரோப்பாவின் சேற்றில் நின்றவரின் மனம் பஞ்சாபின் வரப்பில்தான் இருந்தது.

பார்சலால் தீராத கவலை

வீரர்களின் மனவுறுதியை அளந்து பார்க்கும் முயற்சிகளும் இதே திசையையே காட்டுகின்றன. 2003-ல் ஈராக்கில் அமெரிக்க ராணுவம் தனது மனநல ஆலோசனைக் குழுவை அனுப்பி வீரர்களிடம் ஆய்வு நடத்தியது. தம் மனவுறுதி தாழ்ந்திருப்பதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். தம் படைப்பிரிவின் மனவுறுதி தாழ்ந்திருப்பதாகக் கூறியவர்கள் அதைவிட அதிகம். போர் சாராத மன அழுத்தங்களுள் முன்னணியில் நின்றவை: வீடு திரும்பும் தேதி தெரியாமை, நீண்ட பணிக்காலம், குடும்பத்தைப் பிரிந்திருத்தல். அன்பளிப்புப் பார்சல்கள் மலைபோலக் குவிந்த அதே ஆண்டில் வந்த முடிவு இது. திரும்பும் தேதியை மாற்றி மாற்றித் தள்ளிவைக்கும் நிர்வாகத்துக்கு எந்தப் பெட்டியும் ஈடாகாது.

இதற்காகப் பார்சல்களே வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டூஃபர் குழுவினர், உடனிருக்கும் தோழர்களோடு கொண்ட பிணைப்பே வீரரைத் தாங்கி நிற்கும் முக்கியத் தூண்களுள் ஒன்று என்று 1949-ல் எழுதினர். ஒருவருக்கு வரும் தின்பண்டம் முகாமில் பத்துப் பேருக்குப் பங்காகிறது. பார்சல் பிரிக்கப்படும் பத்து நிமிடம் அந்தப் பிணைப்பை வளர்க்கும் நேரம். வீட்டில் யாருமற்றவர்களும் படையில் இருப்பார்கள். பெயர் கூப்பிடும் நாள்களில் அவர்களுக்கு எதுவும் வருவதில்லை.

அவர்களை எட்டும் வழியைச் சில தன்னார்வ அமைப்புகள் கண்டறிந்தன. 2003-ல் அமெரிக்காவில் தோன்றிய ஒரு முயற்சியில், படைப்பிரிவுக்கு ஒரு வீரர் தாமாக முன்வந்து தம் பெயரையும் தேவைகளையும் தெரிவிப்பார். வரும் பார்சல்களை அஞ்சல் ஏதும் பெறாத தோழர்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் அவரது பொறுப்பு. அதே ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஆபரேஷன் கிராட்டிட்யூட்’ 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை அனுப்பியுள்ளது. படைப்பிரிவுகளிடமிருந்து பெயர்ப் பட்டியல் பெற்று அனுப்புவது அதன் வழக்கம். பெயரற்ற நிலையிலிருந்து பெயரை நோக்கி நகர்ந்ததாலேயே இவை நிலைத்தன.

கைப்பேசி வந்த பின்

இன்று பெய்ரூட்டிலிருந்தோ ஜூபாவிலிருந்தோ வீரர் ஒருவர் தம் குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேச முடிகிறது. 1942-ல் கப்பல்களில் இடம் போதாமல், கடிதங்களைப் படமெடுத்துச் சுருளாக அனுப்பும் ‘வி-மெயில்’ முறையை அமெரிக்கா கொண்டுவந்தது. 1,50,000 கடிதங்களின் ஏறத்தாழ 1,170 கிலோ எடை அதனால் 20 கிலோவாகக் குறைந்தது. இன்று அந்த எடையும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

ஆனால் இது முழுக்க நன்மையன்று. முன்பு வீட்டின் பிரச்சினை மூன்று வாரம் கழித்து, ஆறிய பின் வீரரின் கைக்கு வரும். இப்போது நடந்த அரைமணி நேரத்தில் வருகிறது; அவரால் செய்யக்கூடியது மட்டும் கூடவில்லை. மறுபக்கம், களத்தில் வீரர் ஒருவர் உயிரிழந்தால் அவரது குடும்பத்துக்கு முறைப்படி தெரிவிக்கும் வரை முகாமின் இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவைப்பது ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைகளின் நடைமுறையாக இருந்தது. தினமும் பேசிப் பழகிய குடும்பத்துக்கு ஒருநாள் மௌனமே பேரச்சமாகிவிடுகிறது. வாரக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த தலைமுறை இந்த வகை அச்சத்தை அறிந்ததில்லை.

கையில் பிடிக்கக்கூடிய பொருளின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஊறுகாய், முறுக்கு, கோயில் பிரசாதம், குழந்தை வரைந்த படம் ஆகியவற்றைத் திரையில் அனுப்ப இயலாது. ஐநா பணியில் உணவுப் பொருள்களை ஐநாவே வழங்குகிறது. சமையல் அந்தந்த நாட்டுப் படைப்பிரிவின் பொறுப்பு. வயிறு நிறைவதில் குறையில்லை. வீட்டின் மணம் வேறு.

இந்தியா செய்யக்கூடியது

ஐநா அமைதிப் பணிகளில் இதுவரை ஏறத்தாழ 2.9 லட்சம் இந்தியர்கள் பங்கேற்றுள்ளனர். ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்துள்ளனர். வேறெந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. இந்தியக் கள அஞ்சலகங்கள் 1856-ல் பாரசீகத்துக்குச் சென்ற படையோடு வெளிநாடு கண்டவை. 1953-ல் கொரியாவில் போர்க் கைதிகளைப் பாதுகாக்கச் சென்ற இந்தியப் படைக்கும், பின்னர் காங்கோ, காசா சென்ற படைகளுக்கும் இந்திய அஞ்சல்தலைகளில் தனி முத்திரை அச்சிட்டு வழங்கப்பட்டது. தில்லியில் 56 ஏபிஓ, கொல்கத்தாவில் 99 ஏபிஓ என்ற முகவரிகள் படைவீரர் குடும்பங்கள் அனைத்துக்கும் மனப்பாடம். இருக்கும் இடத்தை வெளிக்காட்டாமல் வீரரைச் சென்றடையும் அந்த முகவரியில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் தேவை. பெயரற்ற பார்சலுக்கு அந்த ஏற்பாட்டில் இயல்பாகவே இடமில்லை. நல்ல ஏற்பாடு அது.

வீரருக்கு ஐநா நேரடியாக வழங்கும் தொகை சிறியது: நாளொன்றுக்கு 1.28 டாலர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 15 நாள் வரையிலான ஓய்வு விடுப்புக்கு நாளொன்றுக்கு 10.50 டாலர். பொழுதுபோக்கு, இணைய வசதி ஆகியவற்றுக்கான செலவு படை அனுப்பும் நாட்டுக்குத் தனித்தனித் தலைப்புகளில் ஈடுசெய்யப்படுகிறது. 2025 அக்டோபரில் ஐநா, நிதி நெருக்கடியால் ஒன்பது அமைதிப் பணிகளில் வீரர்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ கால் பங்கைக் குறைப்பதாக அறிவித்தது. பணம் வற்றும்போது முதலில் கத்தரிக்கப்படுவது துப்பாக்கியும் வாகனமும் அல்ல. இணையமும் விளையாட்டுத் திடலும் விடுப்புப் பயணமுமே ஆபத்தில் நிற்கும். இந்த இடைவெளியைப் பொதுமக்களின் பார்சல்கள் நிரப்பும் என்று எதிர்பார்ப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். படை அனுப்பும் அரசுகள் நியூயார்க்கில் வற்புறுத்திப் பெற வேண்டியவை இவை.

பொதுமக்களின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் பிரான்ஸிலிருந்து வந்த கடிதங்களில் இருந்த நிலத் தகராறும் கடனும் இன்றைய படைவீரர் குடும்பங்களிலும் உள்ளன. களப்பணியில் உள்ள வீரர் நீதிமன்றத்துக்கு வர இயலாத நிலையில் அவருக்கு எதிராக வழக்கு முடிந்துவிடாமல் காக்க இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் 1925-லேயே இயற்றப்பட்டது. நடைமுறையில் அதை அறிந்த குடும்பங்கள் குறைவு. 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகரில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ இந்தக் குறையைத் தீர்க்க முனைகிறது. படைவீரர் நல வாரிய அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் அமைத்து, பணியில் உள்ள வீரர்களின் குடும்பங்களுக்கு நிலம், குடும்பம், உரிமையியல் வழக்குகளில் வழக்கறிஞர் துணை அளிப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் பணியில் உள்ளோரின் குடும்ப மனுக்களையும் பெறுகின்றன. பெயரில் ‘முன்னாள்’ என்றிருப்பதால் பல குடும்பங்கள் அந்தப் படியை மிதிப்பதே இல்லை.

ஊரில் ஒரு வேலி தகராறு நடக்கும்போது சாட்சி சொல்ல முன்வரும் பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவமனைக்குத் தாயை அழைத்துச் செல்லும் நண்பர், வங்கிப் படிவம் நிரப்பித் தரும் ஆசிரியர் ஆகியோர் லெபனானில் காவல் நிற்பவருக்குச் செய்யும் உதவிக்கு விமானமும் வேண்டாம், அஞ்சல் மூட்டையும் வேண்டாம். 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளில் திரட்டப்படும் நிதியும் போரில் உயிரிழந்தோர், காயமுற்றோர், முன்னாள் வீரர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கே செல்கிறது. ராக்கி அனுப்ப விரும்பும் பள்ளிகள், ஊரில் உள்ள படைவீரர் வீடுகளை முதலில் கணக்கெடுத்து, அந்த வீட்டினரிடம் முகவரி கேட்டு அனுப்பினால், அது தாயின் கடிதத்தோடு ஒரே உறையிலேயே போய்ச் சேரும்.

லெபனான் பணி முடியும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. மற்ற இடங்களில் நிற்பவர்களுக்குப் பணிக்காலம் முடிவது அடுத்த படைப்பிரிவு வந்து சேரும்போதுதான். ஐநாவின் ஆட்குறைப்பு அந்தச் சுழற்சியை எப்படி மாற்றும் என்பதை வீரர்களுக்கு முன்கூட்டியே, உறுதியான தேதியோடு சொல்லும் கடமை நியூயார்க்குக்கும் புது தில்லிக்கும் உரியது.